ஓயாது மினுங்கும் விளக்கு



உங்களுள் பலர் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் பங்கு கொண்டிருப்பீர்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, மொத்த வணிகக் கடை, ஜமாஅத் அலுவலகம் என எதுவாயினும் அதன் கணக்குகளும் பதிவேடுகளும் இன்று ஒரு கணினிக்குள் குடியேறிவிட்டன. பல மேசைகளிலுள்ள கணினிகள் கேட்பதையெல்லாம் எடுத்து வழங்குவதால் அதற்குச் சர்வர் என்று பெயர். பெரும்பாலும் பின்கட்டு அறையொன்றில், கதவு சாத்திய இருட்டில் அது தன் பணியைச் செய்துகொண்டிருக்கும். நன்றாக ஓடும்வரை அதனை யாரும் நினைப்பதில்லை.

ஒரு நாள் நிலைமை மாறுகிறது. ரசீது போடுபவர் பொத்தானை அழுத்திவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக் காத்திருக்கிறார். ஒரு பெயரைத் தேட ஒரு நிமிடம் ஆகிறது. பின்கட்டு அறைக்குச் சென்று பார்த்தால், சர்வரின் முகப்பிலுள்ள சிறு விளக்கு ஓயாமல் மினுங்குகிறது. உள்ளிருந்து கறகறவென்று ஓசை வருகிறது. அந்த விளக்கு ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு வேலை செய்வதைக் காட்டுவது. பழுது பார்ப்பவர் வருகிறார், விளக்கைப் பார்க்கிறார், "தட்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்கிறார். அல்லது பொத்தானை அழுத்தி இயந்திரத்தை அணைத்து மீண்டும் ஏற்றுகிறார். அன்று மாலை வரை நன்றாக ஓடுகிறது. மறுநாள் அதே கதை.

இவ்விடத்தில்தான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஓயாமல் மினுங்கும் விளக்கு, தட்டு ஓயாமல் வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த வேலையை யார் ஏவினார் என்பதை அது சொல்வதில்லை. சுமை தாங்காமல் மூச்சு வாங்கும் கூலியாளைப் பார்த்து, "இவன் சரியில்லை, வேறு ஆளைக் கொண்டு வா" என்று சொல்வதற்குமுன், அவன் தலையில் இத்தனை மூட்டைகளை ஏற்றியது யார் என்று கேட்பதல்லவா முறை? பெரும்பாலான சமயங்களில் தட்டு குற்றவாளியன்று. வேறொருவர் செய்த பிழையைச் சுமப்பதே அதன் நிலை.

இதனை விளங்கிக்கொள்ள, தட்டு ஏன் இத்தனை எளிதில் மூச்சு வாங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். உலகின் முதல் வன்தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைக் கொள்ளும் இடம், ஒரு டன் அளவு எடை! வேண்டிய இடத்தைத் தேடி அதன் கை சென்று சேர ஏறத்தாழ 600 மில்லிசெகண்டு, அதாவது அரை வினாடிக்குச் சற்று மேல் பிடித்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு 20 டெராபைட் கொள்கிறது. கொள்ளளவு ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு பெருகிவிட்டது. ஆனால் அந்தக் கை நகர்ந்து சேரும் நேரம்? எட்டு, ஒன்பது மில்லிசெகண்டு. ஏறத்தாழ எழுபது மடங்குதான் குறைந்தது! களஞ்சியம் மலையளவு வளர்ந்தும், அதற்குள் ஓடி எடுத்துவரும் ஆள் ஒரே ஆள்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்டு. வேண்டிய பகுதி கையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு துண்டுத் தகவலை எடுக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிசெகண்டு. எனவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவற்றை எடுக்கச் சொன்னால், ஒரு வினாடிக்கு 80 துண்டுகளுக்குமேல் அதனால் எடுக்க இயலாது. துண்டுக்கு 4 கிலோபைட் என்றால், வினாடிக்கு வெறும் 320 கிலோபைட்! அதே தட்டில் ஒரே வரிசையாக உள்ளதைப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு 150 மெகாபைட்டும் அதற்கு மேலும் தரும். ஒரே தட்டு, ஒரே நாள். கேட்கும் முறை மாறியதால் ஏறத்தாழ 500 மடங்கு வேறுபாடு.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ராம் எனப்படும் நினைவகத்திலிருந்து ஒன்றை எடுப்பதற்கு ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவையில், எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத புதுவகைச் சேமிப்பிலிருந்து எடுக்கக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். ஆகவே, நினைவகத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை எதுவும் தட்டுக்குத் தள்ளப்பட்டால், இயந்திரம் முழுவதும் அந்த ஒன்றரை நாளுக்காக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

நோயறியத் தொடங்குமுன் ஒரு வேலை உண்டு. தட்டிலுள்ள முக்கியமான தகவல்களுக்கு இன்றைய காப்புப் பிரதி வேறொரு கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள். காரணம், பெரும்பாலும் தட்டு குற்றவாளியன்று என்று நான் சொன்னேனே, அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. சில சமயம் தட்டு உண்மையாகவே சாகத் தொடங்கியிருக்கும். கெட்டுப்போன ஓர் இடத்தைப் படிக்க முயலும் தட்டு, தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப முயலும். மேசைக் கணினிக்கெனச் செய்யப்பட்ட தட்டுகள் ஒரே இடத்தில் ஒரு நிமிடம்கூட இவ்வாறு போராடுவதுண்டு. அந்நேரம் முழுவதும் இயந்திரம் உறைந்து நிற்கும்.

இதனை அறிவது கடினமன்று. இயங்குதளத்தின் கருவே தனக்கு நேர்ந்த பிழைகளைக் குறித்து வைக்கிறது. லினக்ஸில் 'டிமெசேஜ்' என்னும் கட்டளையும், விண்டோஸில் 'ஈவண்ட் வியூவர்' என்னும் பதிவேடும் அவற்றைக் காட்டும். தட்டும் தன்னுடைய உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: தட்டின் பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை தென்பட்டுவிட்டால், அத்தகைய பிழையில்லாத தட்டைவிட அது அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பழுதான தட்டுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, வலுவான எச்சரிக்கை அடையாளம் எதனையும் முன்கூட்டிக் காட்டவில்லை. பிழை தெரிந்தால் நம்புங்கள். தெரியாததை நலம் என்று எண்ணிக் காப்புப் பிரதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தட்டு நலமாக இருக்கிறது எனில் விசாரணையைத் தொடங்கலாம். இயந்திரத்தை அணைத்து ஏற்றுவதை இப்போது செய்யாதீர்கள். அணைத்தால் தடயங்கள் அழிந்துவிடும். மந்தமாக இருக்கும் அந்த நேரமே அது வாக்குமூலம் தரும் நேரம்.

லினக்ஸ் சர்வர்களில் 'டாப்' என்றொரு கட்டளை உண்டு. அதன் தலைப்பில் 'லோடு' என்ற சுமை எண் தெரியும். அது 20 என்றும் 30 என்றும் ஏறிக் கிடந்தால், பிராசசர் திணறுகிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். லினக்ஸைப் பொறுத்தவரை அது சரியன்று. 1993-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்துக்குப் பிறகு, பிராசசருக்காக வரிசையில் நிற்கும் நிரல்களோடு, தட்டின் பதிலுக்காகக் காத்து உறைந்து நிற்கும் நிரல்களும் அந்த எண்ணில் சேர்க்கப்படுகின்றன. எனவே பிராசசர் சும்மா கைகட்டி நிற்கையிலும் சுமை எண் 30 ஆகலாம். அருகிலேயே 'டபிள்யூ.ஏ.' என்ற எழுத்துகளோடு ஒரு விழுக்காடு இருக்கும். பிராசசர் வேலையற்று, தட்டின் பதிலுக்காக வெறுமனே காத்திருந்த நேரம் அது. அது 40, 50 என்று நின்றால் மந்தத்துக்குக் காரணம் தட்டுக்கான காத்திருப்பே. அது பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் வேறு காரணம் தேடுங்கள்.

காத்திருப்பு உறுதியானபின், நான் முதலில் பார்க்கச் சொல்வது தட்டை அன்று, நினைவகத்தை. 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட அட்லஸ் என்னும் கணினியில் ஓர் அரிய ஏற்பாடு இருந்தது. விரைவான நினைவகம் சிறியது. அதற்குப் பின்னால் இருந்த சுழல் உருளை பெரியது. இரண்டையும் ஒரே நினைவகம் போல நிரல்களுக்குக் காட்டி, உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை உருளைக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவந்தனர். இன்றைய கணினிகள் பெரும்பாலும் இந்த வழியைப் பின்பற்றுபவையே. தட்டில் இதற்கென ஒதுக்கும் இடத்துக்கு 'ஸ்வாப்' என்று பெயர்.

இதில் ஒரு கண்ணி இருப்பதை அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-ஆம் ஆண்டில் விளக்கினார். சிறிய மேசை ஒன்றில் ஐவர் ஏடுகளைப் பரப்பி எழுதுகின்றனர், இடம் போதவில்லை. ஒருவருடைய ஏட்டை எடுத்து அலமாரியில் வைத்தால்தான் இன்னொருவருடைய ஏட்டை விரிக்க முடியும். வைத்த மறுகணமே முதலாமவர் தம் ஏட்டைக் கேட்கிறார். ஆளுக்காள் ஏடுகளை எடுத்துக் கொடுப்பதிலேயே பொழுது போகிறது, எழுதுவோர் எவருமில்லை. இந்நிலைக்கு 'திராஷிங்' என்று பெயர். மேசைக்கு ஆறாவதாக ஒருவர் வந்து அமர்ந்தால் வேலை ஆறில் ஒரு பங்கு குறைவதில்லை; அடியோடு நின்றுவிடுகிறது. நேற்றுவரை நன்றாயிருந்த சர்வர் இன்று ஒரே ஒரு நிரலைக் கூடுதலாக ஏற்றியதும் சரிந்து விழுவதன் இரகசியம் இதுவே.

'விஎம்ஸ்டாட்' என்ற கட்டளையை ஒரு வினாடி இடைவெளியில் ஓடவிட்டால், நினைவகத்திலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து நினைவகத்துக்கும் பக்கங்கள் போய்வரும் அளவை 'எஸ்.ஐ.', 'எஸ்.ஓ.' என்ற இரு நிரைகள் காட்டும். இரண்டும் தொடர்ந்து பெரிய எண்களாக இருப்பின் வழக்கு முடிந்தது. உங்களுக்கு வேண்டியது புதிய தட்டன்று, கூடுதல் நினைவகம். அல்லது நினைவகத்தை விழுங்கும் நிரலைக் கட்டுப்படுத்த வேண்டும். கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: அந்தக் கட்டளை காட்டும் முதல் வரி, இயந்திரம் ஏற்றப்பட்ட நாள் முதலான சராசரி. அதனைத் தள்ளிவிட்டு இரண்டாம் வரியிலிருந்து படியுங்கள். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் நலம்" என்று சொல்லிப் போனவர்கள் உண்டு.

இன்னொரு தவறான அச்சத்தையும் இங்கே நீக்கிவிடுகிறேன். லினக்ஸில் 'காலியான நினைவகம்' என்ற எண் மிகச் சிறியதாக இருப்பது நோயன்று. தட்டிலிருந்து ஒருமுறை படித்ததை மறுபடியும் ஓடாமல் எடுப்பதற்காக, மீதமுள்ள நினைவகத்தையெல்லாம் அது சேமிப்பாக வைத்துக்கொள்கிறது. வேறு தேவை வந்தால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். நல்ல இல்லத்தரசி காலிப் பாத்திரம் எதனையும் சும்மா வைத்திருப்பதில்லை அல்லவா?

நினைவகம் போதுமானதாக இருந்தும் தட்டு திணறினால், அடுத்த கேள்வி: ஏவியவர் யார்? லினக்ஸில் 'ஐஓடாப்' என்ற கட்டளையும், விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்ற திரையும் எந்த நிரல் எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது என்பதைப் பெயர் சொல்லிக் காட்டும். பார்த்த மாத்திரத்தில் பல வழக்குகள் தீர்ந்துவிடும். இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய காப்புப் பிரதி பகல் 2 மணிக்கு ஓடிக்கொண்டிருக்கும். வைரஸ் தேடும் நிரல் எல்லாக் கோப்புகளையும் துருவிக்கொண்டிருக்கும். சோதனைக்காக யாரோ முடுக்கிவிட்ட ஒரு நிரல், தன் ஒவ்வொரு மூச்சையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும். மந்தம் நேரும் வேளையைக் குறித்து வைத்தாலே இவற்றைப் பாதி பிடித்துவிடலாம். டெபியன் லினக்ஸில் நெடுங்காலம் இருந்துவந்த ஓர் ஏற்பாட்டின்படி, இணைத் தட்டுகளைச் சரிபார்க்கும் பணி மாதத்தின் முதல் ஞாயிறன்று நள்ளிரவு கழிந்து 12.57 மணிக்குத் தொடங்கும். தட்டுகள் பெரியவையாக இருந்தால் அது திங்கட்கிழமை வேலை நேரத்திலும் முடிந்திருக்காது. 'மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை சர்வர் படுத்துவிடுகிறது' என்ற மர்மத்துக்கு வேறு விடை தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் ஏவியவர் தரவுத்தளம் என்று தெரிய வரும்போது வேலை சற்றுக் கடினமாகிறது. ஏனெனில் அது நியாயமான பணியாள். அதனை நிறுத்த இயலாது. இவ்விடத்தில் இரண்டு பிழைகள் மிகுதி.

முதலாவது, பொருளடக்கம் இல்லாத தேடல். ஐந்து லட்சம் பெயர்கள் கொண்ட பதிவேட்டில் ஒரு பெயரை எடுக்க வேண்டும். பெயர்வரிசைப் பட்டியல், அதாவது 'இண்டெக்ஸ்', இருந்தால் தரவுத்தளம் நான்கைந்து பக்கங்களைப் புரட்டி எடுத்துவிடும். இல்லையேல் முதல் ஏடு முதல் கடைசி ஏடு வரை படித்தாக வேண்டும். ஒரு பதிவுக்கு 200 பைட் என்று கொண்டாலும், ஒரே ஒரு பெயருக்காக 100 மெகாபைட் படிக்கப்படுகிறது. பத்து மேசையிலிருந்து பத்துப் பேர் கேட்டால்?

இதில் வியப்பு என்னவென்றால், இந்தப் பிழை தொடக்கத்தில் தெரிவதே இல்லை. பதிவேடு சிறியதாக உள்ளவரை அது முழுவதும் நினைவகச் சேமிப்பில் அடங்கிவிடும். தட்டுக்கு ஓட வேண்டியிராது. ஆண்டுதோறும் பதிவுகள் பெருகி, ஒரு நாள் நினைவகத்தின் கொள்ளளவைத் தாண்டுகின்றன. அன்றுதான் எல்லாத் தேடலும் தட்டின் தலையில் விழுகிறது. "நாங்கள் எதையும் மாற்றவில்லையே, திடீரென்று மந்தமாகிவிட்டதே" என்று நிர்வாகத்தினர் சொல்வது பொய்யன்று. மாற்றியது காலம். மூன்றாண்டுக்கு முன்னரே இருந்த குறை அன்றுதான் வெளிப்பட்டது. இந்நிலையில் வாங்கும் புதிய தட்டு சில மாதங்களுக்குத் தாங்கும். ஒரு வரிக் கட்டளையில் உருவாக்கும் இண்டெக்ஸ் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். அதற்குக் காசும் இல்லை.

இரண்டாவது, ஒவ்வொன்றாக முத்திரையிடும் பழக்கம். தரவுத்தளம் ஒரு பதிவை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லுமுன், அது தட்டில் உண்மையாக எழுதப்பட்டதை உறுதி செய்யும். மின்சாரம் போனாலும் கணக்குப் போகாதிருக்க இது இன்றியமையாதது. ஆனால் பழைய பதிவேட்டிலிருந்து 10,000 வரிகளை ஏற்றும் நிரல், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே இந்த உறுதியைக் கேட்டால், வரிக்குத் தட்டின் ஒரு சுற்று எனக் கொண்டாலே 80 வினாடிகளுக்கு மேல் தட்டு வேறு எதற்கும் செவிசாய்க்காது. அவ்வளவையும் ஒரே கட்டாக்கி ஒருமுறை உறுதி கேட்டால் ஓரிரு வினாடியில் முடியும். இது நிரல் எழுதியவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. தட்டு விற்பவரிடம் அன்று.

பல தட்டுகளை இணைத்து ஒன்றாக ஆளும் 'ரெய்டு' முறை உங்கள் சர்வரில் இருந்தால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் புகழ்பெற்ற முறை இது. அதில் 'ரெய்டு ஐந்து' என்ற வகையில், சிறு துண்டொன்றை எழுத இருமுறை படித்து இருமுறை எழுத வேண்டும். ஒரு வேலை நான்காகிறது. இந்தக் குறையை மறைக்க, எழுத வேண்டியவற்றைத் தற்காலிகமாகத் தாங்கும் சிறு நினைவகமும், மின்சாரம் போனால் அதைக் காக்க ஒரு பேட்டரியும் கட்டுப்பாட்டு அட்டையில் இருக்கும். பேட்டரி முதுமையடைந்து செயலற்றதும், அட்டை பாதுகாப்புக் கருதி அந்த வசதியையே பெரும்பாலும் நிறுத்திவிடும். எழுதும் வேகம் பலமடங்கு விழுந்துவிடும். வெளியே எந்தச் சத்தமும் இராது. விலை மலிவான பேட்டரி ஒன்று, விலை உயர்ந்த சர்வர் முழுவதையும் ஊமையாக்கிவிடுவது இப்படித்தான்.

வாங்கும்போது ஏமாறுவதும் உண்டு. ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் சற்றே படியுமாறு எழுதி, அதிகக் கொள்ளளவு பெறும் தட்டுகள் இருக்கின்றன. படிக்க இவை நன்றே; இடையில் ஒன்றைத் திருத்தி எழுத வேண்டுமானால், மேலே படிந்த ஓடுகளையெல்லாம் கழற்றி மாட்டுவதைப் போன்ற வேலை. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பல தட்டுச் சேமிப்புக் கருவிகளுக்கென விற்ற 'ரெட்' வரிசைத் தட்டுகள் சிலவற்றில் இம்முறை இருந்தது 2020-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. முன்னரே தெளிவாக அறிவிக்கவில்லை என்று வாங்கியோர் கொதித்தெழுந்தனர். வாங்குமுன் இதனை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

தட்டைப் பற்றிய வேடிக்கையான செய்தி ஒன்று. 2008-ஆம் ஆண்டின் இறுதியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வன்தட்டு அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். அந்தக் கணமே தட்டுகளின் தாமதம் எகிறியதை அளவீட்டுத் திரை காட்டிற்று. ஓசையின் அதிர்வில் கை தடம் தவறி, மீண்டும் தேட வேண்டியதாயிற்று. சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில், ஐ.என்.ஜி. வங்கியின் கணினி மையத்தில் தீயணைப்பு ஒத்திகையின்போது பீறிட்ட வாயுவின் பேரோசை பல வன்தட்டுகளைக் கெடுத்துவிட்டது. வங்கிச் சேவை ஏறத்தாழ 10 மணி நேரம் நின்றது. ஜெனரேட்டரை ஒட்டிய சுவரோரம் சர்வரை வைத்திருப்பவர்கள் அதனை நகர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதை ஆராயலாம்.

மந்தத்தைக் காட்டிலும் கொடியது மந்தத்தைக் கண்டு படும் அவசரம். நிரலாளர்கள் தம் பணிகளைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்ததை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. வேண்டாத பயனர்களின் தொல்லையால் அன்று தரவுத்தளத்தின் சுமை ஏறியது. முதன்மைச் சர்வரைப் பார்த்து நகலெடுக்கும் துணைச் சர்வர் பின்தங்கி, இறுதியில் நகலெடுப்பதே நின்றது. இரவு நேரம். துணைச் சர்வருக்குப் புதிதாக நகல் எடுக்கும் கட்டளையைப் பொறியாளர் கொடுத்தார். கட்டளை எதுவும் சொல்லாமல் நின்றது. ஏதோ சிக்கிக்கொண்டது என்றே அவர் கருதினார். உண்மையில் அது சிக்கவில்லை. முதன்மைச் சர்வர் தகவல் அனுப்பத் தொடங்குவதற்காக அது வாய்திறவாமல் காத்துக்கொண்டிருந்தது!

துணைச் சர்வரில் மிஞ்சிக் கிடந்த கோப்புகளே தடை என்று எண்ணி, அவற்றை அழிக்கும் கட்டளையை இட்டார். இட்ட இடம் துணைச் சர்வரன்று, முதன்மைச் சர்வர். ஓரிரு வினாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது.

காப்புப் பிரதிகளைத் தேடினர். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதி, மென்பொருளின் பதிப்பு வேறுபாட்டால் எடுக்கப்படவே இல்லை. அது தோல்வியுறுவதை அறிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. சோதனை வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அதனைத் திரும்பக் கொண்டுவரும்போதும், அது இருந்த இடத்தின் தட்டுகள் மந்தமானவையாதலால் மணிக்கணக்கில் ஆயிற்று. சேவை ஏறத்தாழ 18 மணி நேரம் நின்றது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தகவல் மீளவேயில்லை.

அங்கிருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், இத்தொழிலில் கரைகண்டவர்கள். காத்திருக்கும் ஒன்றைச் செத்துவிட்டதாகக் கருதிய அந்தக் கணம் எவருக்கும் வரக்கூடியது. ஆகவேதான், மந்தமான சர்வரின் முன் அமரும்போது எதனையும் அழிக்கும் கட்டளையை இரவில் இடவேண்டாம் என்றும், இடத்தான் வேண்டும் என்றால் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சர்வர் என்பதை வாய்விட்டுப் படித்தபின் இடவேண்டும் என்றும் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். நினைவகத்தைக் கூட்டி, இண்டெக்ஸைச் சேர்த்து, தட்டையும் மாற்றி ஒரே நாளில் முடித்தால், எது மருந்தாயிற்று என்பது தெரியாமலே போய்விடும்.

இத்தனையும் பார்த்தபின்னும், நியாயமான வேலையே தட்டின் ஆற்றலை மிஞ்சுகிறது என்று தெரியலாம். சிதறிய துண்டுகளை வினாடிக்கு 80-க்கு மேல் கேட்க வேண்டிய தேவை உண்மையாகவே இருக்கிறது என்றால், தாராளமாக எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். அதற்கு ஓடும் கையுமில்லை, சுழலும் தட்டுமில்லை. சாதாரண வகைகூட ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும். அந்தச் செலவு வீணாகாது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று. 'ஐஓஸ்டாட்' என்ற கட்டளை, தட்டின் பதில் வர எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்பதையும், வரிசையில் எத்தனை கோரிக்கைகள் நிற்கின்றன என்பதையும் காட்டும். சர்வர் நலமாக ஓடும் சாதாரண நாளொன்றில், காலை 10 மணிக்கும், கூட்டம் மிகும் வேளையிலும், இரவு காப்புப் பிரதி ஓடும்போதும் இந்த இரண்டு எண்களையும் நினைவக அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, பின்கட்டு அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பழுது பார்ப்பவர் வரும்போது, விளக்கைப் பார்க்குமுன் அந்தத் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள்.